மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்!

தோட்டத்து வீடானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, இப்பொழுது வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி வைத்துக்கொள்வது பரவலாகி விட்டது. பசார் மாலாமில் பிளாஸ்டிக் பைக்குள் நீந்தும் கப்பி மீனையும் சண்டை மீனையும் கண்டுவிட்டால் பிள்ளைகள் நம்மை நகரவிட மாட்டார்கள். நாமும் ஐந்து பத்து வெள்ளி செலவழித்து வாங்கிக் கொடுத்து விடுகிறோம். ஒரு வாரம் வீடே அந்தத் தொட்டியைச் சுற்றி நிற்கும். இரண்டாம் வாரம் ஒரு மீன் மிதக்கும். மாதக் கடைசியில் தொட்டி வீட்டின் பின்புறம் போய்க் கவிழ்ந்து கிடக்கும். "எங்களுக்கு மீன் ராசி இல்லை" என்று சொல்லும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ராசியில் ஒன்றும் இல்லை, வாசகர்களே! பெரும்பாலான வீடுகளில் மீன்கள் சாவது கவனக் குறைவினால் அன்று. கவனம் மிகுந்து போவதனால்தான்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவனின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டடித் தொட்டி, பத்துப் பன்னிரண்டு கப்பிகள், அடியில் கூழாங்கல், மூலையில் ஒரு கொத்து வேலம்பாசி. நான்கைந்து மாதமாக நன்றாகவே இருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மாள் வீடு முழுவதையும் கழுவினார். தொட்டியையும் விடவில்லை. மீன்களை வாளியில் விட்டுவிட்டு, கல்லையெல்லாம் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்து, நாலைந்து தடவை அலசி, வழுவழுவென்று இருந்த வடிகட்டிப் பஞ்சைத் தூக்கிப் போட்டுப் புதுப் பஞ்சு வைத்து, அழுக்காகத் தெரிந்த செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுத் தண்ணீரை நிரப்பினார். தீபாவளியன்று வந்தவர்கள் எல்லாரும் தொட்டி பளிச்சென்று இருக்கிறதே என்று பாராட்டினார்கள். அதற்கு மூன்றாம் நாள் காலையில் அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மாலைக்குள் இரண்டுதான் மிச்சம்.

பையனைப் பள்ளிக்கு அழைத்து வந்தபோது அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "வீட்டைக் கழுவுனேன், தொட்டியையும் கழுவுனேன். அது ஒரு குத்தமா டீச்சர்?"

குற்றம் இல்லைதான். ஆனால் அவர் அழுக்கு என்று எண்ணிக் கழுவியது அழுக்கு அன்று. அந்தத் தொட்டியின் உயிர். அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய பால் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றுவார்களே, போத்தலைத் திறந்ததும் கண்ணையும் மூக்கையும் எரிக்குமே, அதேதான். மீன்கள் தின்றது போக அவற்றின் உடலில் சேரும் கழிவு பெரும்பாலும் இந்த அமோனியாவாகத்தான் செவுள் வழியாக வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் இதுவே உண்டாகிறது. ஆற்றில் இருக்கும் மீனுக்கு இது ஒரு பொருட்டில்லை. ஓடும் நீர் கொண்டு போய்விடும். இரண்டடித் தொட்டியில் மீன் எங்கே போகும்? தன் கழிவையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டியதுதான். செவுள் வெந்து போகிறது. மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான்.

இயற்கை இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை உண்டு அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பாக்டீரியாக்கள் அதை எடுத்து நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை. செடிக்கு அது உரம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. கல்லில், மணலில், பஞ்சில், செடியின் இலையில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. விரலால் தொட்டால் வழுவழுவென்று இருக்கிறதே, அங்கேதான் அவற்றின் குடித்தனம். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். சவர்க்காரத் தூளும் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் சேர்ந்து அவற்றை ஒரே காலையில் ஒழித்துவிட்டன. அந்த வீட்டுத் தொட்டி நான்கைந்து மாதத் தொட்டியாக இருந்தது. தீபாவளியன்று அது முதல்நாள் தொட்டி. ஆனால் மீன்கள் மட்டும் அதே பன்னிரண்டு!

செடியையும் பிடுங்கி எறிந்தாரே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் எழுத நினைக்கிறேன். நம்மவர்கள் தொட்டியில் செடி வைப்பது அழகுக்காக. அதனால்தான் கடையில் பிளாஸ்டிக் செடியும் விற்பனையாகிறது. ஊதா நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும் அந்தச் செடிகளைப் பார்த்தால் எனக்குக் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஜிகினாத் தோரணம் நினைவுக்கு வரும். உயிருள்ள செடி அலங்காரம் மட்டும் செய்வதில்லை. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வரை காத்திராமல் நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டை விட அதைத்தான் விரும்பி எடுக்கின்றன. செடி அடர்ந்த தொட்டியில் மீன் பிழைப்பதன் இரகசியம் இதுவே.

இதை நம்மவர்கள் இன்றுதான் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். லண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். பன்னிரண்டு கேலன் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் சேறும் கல்லும் இட்டு, வாலிஸ்னேரியா என்ற நாடாப் போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். தண்ணீரை மாற்றாமலே மீன்கள் உயிரோடு இருந்தன. ஆனால் செடியின் முற்றிய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிப் பாசி பிடித்தது. அவர் பாத்திரத்தைக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையைத் தின்று தீர்த்தன. நத்தை இட்ட முட்டை மீனுக்கு இரையாயிற்று. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை 1850-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். வீட்டு மீன் தொட்டியின் வரலாறே அங்கிருந்துதான் சூடு பிடித்தது. அதே வாலிஸ்னேரியாவை நம் ஊர்க் கடைகளில் இன்றும் வாங்கலாம்.

சரி, எந்தச் செடியை வாங்குவது? கடைக்குப் போனால் தலை சுற்றும். முதலில் ஓர் எச்சரிக்கை. மூங்கில் போலக் கணுக்கணுவாக இருக்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்', வெள்ளைக் கோடு போட்ட அகன்ற இலைச் செடிகள் சில, இவற்றையும் தொட்டிக்குள் நட்டு வைத்து விற்பார்கள். இவை தரையில் வளர்பவை. முழுவதும் தண்ணீரில் மூழ்கினால் ஒரு மாதம் இரண்டு மாதம் பச்சையாக நின்றுவிட்டு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இலையை வெளியே எடுத்துப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் கொஞ்சம் யோசியுங்கள். நீருக்குள் வளர்ந்த இலை பெரும்பாலும் துவண்டு தொங்கும்.

விறைப்பாக இருப்பதெல்லாம் பொய்ச்செடி என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையான நீர்ச்செடிகள் பலவற்றையும் பண்ணைகளில் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது என்பதற்காக. அவற்றை வாங்கி வந்து தொட்டியில் நட்டால் பழைய இலைகள் மஞ்சளாகிக் கரையும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கரைந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுங்கள். நீருக்கு ஏற்ற புது இலை, வேறு வடிவத்தில் கூட, வேரிலிருந்து வரும்.

முதன்முதலில் செடி வைப்பவர்களுக்கு நான் சொல்வது வேலம்பாசியைத்தான். பள்ளியில் ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்குப் புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் குமிழி பிடிப்போமே, அந்தச் செடிதான். வேகமாக வளரும், வேகமாக வளரும் செடிதான் அமோனியாவையும் வேகமாக உறிஞ்சும். நட்டாலும் வளரும், மிதக்கவிட்டாலும் வளரும். அடுத்தது ஜாவா பெரணி. நம் நாட்டு ஓடைகளில் பாறை மேல் ஒட்டிக்கொண்டு வளர்கிற செடி இது. இதன் தடித்த தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லின் மேலோ மரத்துண்டின் மேலோ நூலால் கட்டி வையுங்கள். பிறகு அதுவே பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு இதைவிட நல்ல செடி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கிரிப்டோகோரின். பெயர் வாயில் நுழையவில்லை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சேம்பு இனத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் 'மறைந்திருக்கும் கதாயுதம்' என்பது பெயரின் பொருள். பூந்தண்டு ஒரு குழலின் அடியில் ஒளிந்திருப்பதால் வந்த பெயர். பச்சை, பழுப்பு, செம்பு நிறங்களில் இலைகள் இருக்கும். உலகெங்கும் மீன் தொட்டி வைப்பவர்கள் விலை கொடுத்து வாங்கும் இந்தச் செடியில் பல இனங்கள் நம் தீபகற்பத்துக் காட்டு ஓடைகளுக்கே உரியவை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பகாங்கிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் நிழல் விழும் ஓடைகளில் தரை விரிப்புப் போல வளர்கின்றன. சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டில் உள்ள ஒரு கலப்பினம் 2001-ஆம் ஆண்டில்தான் தனியாக அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்றது. வேறெங்கும் அது இல்லை. காடு திருத்தப்படும்போது நிழல் போகிறது, ஓடை சேறாகிறது, செடியும் போய்விடுகிறது. நாம் வாழ்கிற தோட்டங்களும் அப்படிப்பட்ட ஓடைக் கரைகளில் எழுந்தவைதாமே! ஆகவே காட்டுக்குப் போய்ப் பிடுங்கி வராதீர்கள். பண்ணையில் பெருக்கிய செடி கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் போதும், மணலுக்கடியில் கொடி ஓடித் தானே குட்டி போடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இடம் மாற்றினால் இதற்குக் கோபம் வரும். ஒரே வாரத்தில் எல்லா இலையும் கூழாகக் கரைந்துவிடும். வேர் உயிரோடு இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

மண்ணைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெறும் கூழாங்கல்லில் வேர்விடும் செடிகள் தேறுவது கடினம். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-இல் வெளியிட்ட நூலில், சாதாரணத் தோட்ட மண்ணை ஓர் அங்குல உயரம் பரப்பி அதன் மேல் மணலைப் போர்த்திச் செடி நடும் முறையை விளக்கியிருக்கிறார். செலவில்லாத முறை. நமக்கு ஏற்றது. ஆனால் உரம் போட்ட மண்ணாக இருக்கக் கூடாது. செம்பனைக்கு வந்த உரத்தில் ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டால் செடி செழிக்குமே என்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். வேண்டவே வேண்டாம்! யூரியா தண்ணீரில் அமோனியாவாகத்தான் மாறும். மீனுக்கு அது எமன்.

போர்ட்டிக்சன் கடற்கரையில் பொறுக்கிய சங்கையும் பவளக் கல்லையும் தொட்டியில் வைக்கும் பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. அவை சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் காரத்தன்மையாக்கும். காரத் தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு பல மடங்கு ஏறும். சங்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் பத்தே நாளில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலாகிவிடும். வெயில் படாத இடத்தில் வைத்து, எல்.இ.டி. விளக்கு ஒன்றை நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும். தொலைக்காட்சி ஓடும் வரை விளக்கும் எரியட்டும் என்று நள்ளிரவு வரை விடுவதால் வளர்வது செடியன்று, பாசி. இரவில் செடியும் நம்மைப் போல உயிர்வளியை உட்கொண்டு கரிவளியை விடும். செடி மிக அடர்ந்து, மீனும் மிகுந்திருக்கும் தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து நிற்பதைக் கண்டால், மீனைக் குறைக்க வேண்டும் அல்லது இரவில் காற்றுக் குமிழிக் கருவியை ஓடவிட வேண்டும் என்று பொருள்.

நம் நாட்டு வெப்பம் இன்னொரு தொல்லை. குளிர் நாட்டுச் செடிகளை, அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள். தண்ணீர் முப்பது பாகையை எட்டினால் அவை சோர்ந்து போகும். மேசை விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். நம் ஓடைச் செடிகளுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

இனி வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியது. அரை மணி நேர வேலைதான். தண்ணீரில் கால் பங்கை மட்டும் ரப்பர்க் குழாயால் இறக்குங்கள். குழாய் முனையை மணலின் மேல் காட்டினால் குப்பையும் கூடவே வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் பூச்சட்டிக்கும் மிளகாய்ச் செடிக்கும் ஊற்றுங்கள். கண்ணாடியில் உள்ள பாசியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி விடலாம். முன்பக்கம் மட்டும் போதும். வடிகட்டிப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால் தொட்டியிலிருந்து இறக்கிய அதே தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். பிறகு புதுத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.

அந்தப் புதுத் தண்ணீரில்தான் ஒரு நுணுக்கம் உண்டு. குளோரின் மட்டும் கலந்த குழாய் நீரை அகன்ற வாளியில் பிடித்து ஒருநாள் வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும். நம் தாத்தா காலத்து முறை இது. ஆனால் சிங்கப்பூர் போன்ற இடங்களில் குழாய் நீரில் குளோரமின் கலக்கிறார்கள். அது வாளியில் வைத்தால் எளிதில் போகாது. கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தில் சில சொட்டு விட வேண்டும். குளோரமினுக்கும் ஏற்றதா என்று போத்தலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் மூடி வைக்க மறக்க வேண்டாம். மறந்து ஒரு வாரம் விட்டால் ஏடிஸ் கொசு அதில் குஞ்சு பொரித்துவிடும். பிறகு சுகாதார அதிகாரிகள் வந்து அபராதச் சீட்டுக் கொடுப்பார்கள்!

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் போகிறோம், நான்கு நாள் வீட்டில் யாரும் இல்லை என்றால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. வளர்ந்த மீன்கள் பட்டினி தாங்கும், செடியிலும் கல்லிலும் மேய்ந்து கொள்ளும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாவம் மீனாச்சே என்று அவர் அள்ளிப் போட்டுவிடுவார்.

கடைசியாக, வெட்டிய செடிகளைப் பற்றி. வேலம்பாசி போன்றவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிக்க வேண்டியிருக்கும். கை நிறையக் குப்பை சேரும். அல்லூரில் எறிவது நமக்குச் சுலபம். அல்லூர் சுங்கையில் போய்ச் சேரும், சுங்கை ஏரிக்கும் போகும். நம் குட்டைகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டு வரப்பட்டதுதான். சீனர்களின் பன்றிப் பண்ணைகளில் தீனிக்காக வளர்த்ததையும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அண்மைக் காலத்துக் கதை பகாங்கில் உள்ள தாசேக் சினி. தாமரைக்குப் பெயர் போன ஏரி. கரையில் ஜாக்குன் பூர்வ குடியினர் வாழ்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக மதிப்பும் பெற்றது. அந்த ஏரியில் 1990-களின் இறுதியிலிருந்து கபோம்பா என்ற செடி பரவியது. மயிலிறகு போன்ற இலையும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட இந்த அமெரிக்கச் செடி மீன் தொட்டிக்காக விற்கப்படுவது. ஒரு சிறு துண்டு ஒடிந்து மிதந்தாலும் போதும், விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். படகின் விசிறியில் சிக்கி ஒடிந்த துண்டுகளே அதை ஏரியெங்கும் விதைத்தன. தாமரை குறைந்து போயிற்று.

எங்கள் பள்ளியில், கத்தரித்த செடிகளைச் சிமெண்டுத் தரையில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயப் போடுகிறோம். மொறுமொறுவென்று காய்ந்த பிறகு நொறுக்கிப் பூச்சட்டியில் போட்டு மண்ணால் மூடி விடுகிறோம். செடியோடு வந்த நத்தைகளையும், செடித் தண்டில் இளஞ்சிவப்புக் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் முதலில் நசுக்கிவிட வேண்டும். அவை வயலில் நெல் நாற்றைத் தின்னும் தங்க நத்தையின் முட்டைகள். அந்தப் பூச்சட்டியில் இப்பொழுது கறிவேப்பிலைக் கன்று இரண்டடி உயரம் நிற்கிறது. பிள்ளைகள் அதன் மேல் 'கப்பி உரம்' என்று அட்டை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.